குதிரை வாயருகே ஒரு பிடிப் புல்

மாங்காயை நினைத்தாள். சும்மா மாங்காய் இல்லை, கிளிமூக்கு மாங்காய், நீளவாக்கில் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தடவியது. இருபத்தாறு வருஷமாக அவளை ஏமாற்றாத மாங்காய். நினைத்த மாத்திரத்தில் நாக்குக்கு அடியில் ஊறிவிடும். பஞ்சு சுற்றிய குச்சியை உதட்டில் வைத்து நனைத்துக்கொண்டு வேலையில் இறங்கிவிடலாம். இன்றைக்கு மாங்காய் வந்தது, உப்பு வந்தது, மிளகாய்த்தூள்கூட வந்தது, எச்சில் மட்டும் வரவில்லை. குச்சியை மேஜையில் வைத்துவிட்டுக் குழல்வாய்மொழி கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு பத்து. நாலு மணிக்கு வீட்டுக்காரர் வந்துவிடுவார். ஒன்பது நாளாக அவர்தான் வந்து கூட்டிக்கொண்டு போகிறார், அதற்கு முந்தின இருபத்தாறு வருஷத்தில் நாலு தடவை வந்திருந்தால் அதிகம். நாலு மணிக்குள் அவரிடம் கேட்பதா வேண்டாமா என்று முடிவு செய்தாக வேண்டும், அதற்குள் குதிரையின் முன்னால் கிடக்கிற புல்லையும் எடுத்தாக வேண்டும், இரண்டுக்குமே வாய் வேண்டும், அந்த வாய்தான் காய்ந்து கிடக்கிறது. பழைய எண்ணெய் ஓவியத்தின் மேல் படிந்ததை எடுக்க மனித எச்சிலுக்கு ஈடான மருந்து கிடையாது, அளவான சூடு, அளவான ஈரம், அழுக்கை மட்டும் தின்று வண்ணத்தைத் தொடாமல் விடுகிற ஒரு நொதி. உலகத்தின் பெரிய பெரிய அருங்காட்சியகங்களில் கோட்டுப் போட்டவர்களெல்லாம் பஞ்சை நாக்கில் நனைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் எச்சில் என்று இங்கே சொல்லிவிட முடியுமா. நுங்கம்பாக்கத்தில் இந்தச் சீரமைப்புக் கூடத்தை நடத்துகிற அறக்கட்டளையின் தலைவர் முதல் நாள் கேட்டுவிட்டு நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார், அதனால் அறிக்கையில் அவள் 'இயற்கை நொதிக் கரைசல்' என்று எழுதுவதோடு சரி. எச்சில் கையால் காக்கை ஓட்டாத ஜமீன் பரம்பரையின் படம், அதை எச்சிலாலேயே துடைத்துக்கொண்டிருக்கிறாள் தென்காசிக்காரி ஒருத்தி. இதை நினைத்தால் எப்போதும் சிரிப்பு வரும், இன்றைக்கு அதுவும் கால்வாசிதான் வந்தது.

படம் மேஜைமேல் மல்லாந்து கிடந்தது, நாலடிக்கு மூன்றடி. நூற்றுத் தொண்ணூறு வருஷம் இருக்கும், பெயர் தெரியாத ஒரு வெள்ளைக்காரன் வரைந்தது. புயல் வானம், பாறை, இலையில்லாத ஒரு மரம், அதன் அடியில் விழுந்து கிடக்கும் வெள்ளைக் குதிரை. மேலப்பாறைப்பட்டி ஜமீன்தார் மதராசில் ஏலத்தில் எடுத்துக் கூடத்தில் மாட்டினார், மாட்டின மாசமே வீட்டில் ஒரு சாவு. ஜோசியர் வந்தார், படத்தைப் பார்த்தார், மரத்தில் ஆந்தை, தரையில் சாகிற குதிரை, வேறென்ன வேண்டும் என்று கேட்டார். காசு கொடுத்து வாங்கினதைத் தூக்கி எறிய ஜமீன்தாருக்கு மனசு வருமா. கோயில் திரைச்சீலை எழுதுகிற ஒருவனைக் கூப்பிட்டு, அபசகுனத்தையெல்லாம் சுபமாக்கிக் கொடு என்றார். அவனும் கொடுத்தான். ஆந்தை பச்சைக்கிளி ஆனது, கழுத்தில் சிவப்பு வளையத்தோடு. குதிரையின் முன்னால் ஒரு பிடிப் புல்லை வரைந்தான், அவ்வளவுதான், சாகிற குதிரை மேய்கிற குதிரை ஆகிவிட்டது. இந்தச் சாமர்த்தியத்தை எண்ணி எண்ணி மூன்று மாசமாக அவள் வியந்துகொண்டிருக்கிறாள். குதிரையைத் தொடவே இல்லை அவன், கண்ணை மாற்றவில்லை, விரிந்த மூக்கை மாற்றவில்லை, ஒரு பிடிப் புல்லால் கதையையே திருப்பிவிட்டான். போன வாரம் கிளியை எடுத்தாள். ஒவ்வொரு சிறகாகக் கிளி கரைந்து பஞ்சுக்கு வந்தது, அடியிலிருந்து இரண்டு மஞ்சள் கண்கள் அவளைப் பார்த்தன. பயம் வரும் என்று நினைத்திருந்தாள், வந்தது ஆசுவாசம். யாரோ கடைசியில் நேராகப் பார்த்தார்கள் என்று இருந்தது. அன்றைக்குத்தான் வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் கழுத்தைப் பார்த்துக்கொண்டாள், காதுக்குக் கீழே தையல் போட்ட இடத்தை.

கட்டி நெல்லிக்காய் அளவு இருந்தது. வலிக்காத கட்டி. ஒரு துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள், அறிக்கையை வாங்க அவர் மட்டும் போனார், நீ வேலைக்குப் போ, இதுக்கெதுக்கு ரெண்டு பேரு என்று சொல்லிவிட்டு. திரும்பி வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல், ஒண்ணும் இல்ல, நெறிகட்டி டி.பி., இப்ப நெறய பேருக்கு வருது, மாத்திர சாப்பிட்டா ஓடிரும் என்றார். நல்ல பொய், படித்தவன் சொல்லும் பொய், கழுத்துக் கட்டிக்குப் பொருத்தமான நோயாகத் தேடி எடுத்திருக்கிறார். மாத்திரையையும் அவரே உறையிலிருந்து பிரித்துத் தினமும் காலையில் உள்ளங்கையில் கொண்டுவந்து தருகிறார். ஆனால் அவளுடைய சித்தி மகள் தாணம்மைக்கு நிஜமாகவே டி.பி. வந்தது, ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டாள், அந்த ஆறு மாசமும் பார்க்கிறவர்களிடமெல்லாம் அவள் சொல்லிச் சிரித்தது ஒன்றுதான்: ஏட்டி, ஒண்ணுக்குப் போனா செங்கல் கரைச்ச தண்ணி மாதிரி போகுது. குழல்வாய்மொழி எட்டு நாளாகப் பார்த்துவிட்டாள். செங்கலும் இல்லை, காவியும் இல்லை. நல்ல மஞ்சள். சத்து மாத்திரை சாப்பிட்டால் போகிற மஞ்சள். வண்ணத்தைப் பார்த்து வயசு சொல்கிறவளிடம் போய் இந்த மனிதர் வண்ணத்தில் கோட்டை விட்டுவிட்டாரே என்று முதலில் சிரிப்பு வந்தது, குளியலறையிலேயே உட்கார்ந்து சிரித்தாள், பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டாள். திங்கட்கிழமையிலிருந்து ஊசி, மூணு வாரத்துக்கு ஒண்ணு, சீக்கிரம் குணமாகட்டும்னுதான் என்கிறார். டி.பி.க்கு அப்படி ஊசி கிடையாது என்று அவளுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. திங்களுக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது.

மறுபடி குச்சியை எடுத்தாள். உதட்டில் வைத்தாள், கொஞ்சம் ஈரம் ஒட்டியது, போதும், புல்லின் ஓரத்தில் வைத்து உருட்டினாள். தேய்க்கக் கூடாது, உருட்ட வேண்டும், ஒரு பஞ்சு ஒரு தடவைதான். பச்சை வந்தது. அந்தக் காலத்து ஓவியர்களுக்கு ரொமாண்டிக் ஓவியர்கள் என்று பெயர், நாத்தனார் இதைக் கேட்டுவிட்டு, காதல் படமா வரைஞ்சாங்க என்று வாயைப் பொத்திக்கொண்டாள், காதலுக்கு எங்கே போக, படம் பூராவும் சாவுதான். ஆனால் என்ன சாவு. அதற்கு முன்னால் படத்தில் ஒரு மனிதன் சாக வேண்டுமென்றால் சுற்றிலும் முப்பது பேர் வந்து நின்றுவிடுவார்கள், பாதிரியார், அழுகிற மனைவி, மேகத்தில் தேவதை, சாகிறவனும் அதற்குத் தக்கபடி முகத்தை வைத்துக்கொள்வான். இந்த ஓவியர்கள் அந்த முப்பது பேரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். ஒரு குதிரையைக் கொண்டுவந்து புயலில் நிறுத்தினார்கள். சிங்கம் முதுகில் ஏறும் நொடியில் கழுத்தைத் திருப்பிப் பார்க்கிற குதிரை, பனியில் தனியாக நிற்கிற கிழட்டு வண்டிக்குதிரை, கல்லறைக் கல்லின் மேல் ஆந்தை, கூண்டுக்குள் படுத்தபடி எங்கேயோ பார்க்கிற புலி. அவற்றின் முகத்தில் நடிப்பு இல்லை, ஆறுதல் இல்லை, யாரும் அவற்றிடம் வந்து புண்தான், சளிதான், டி.பி.தான் என்று சொல்லியிருக்கவில்லை. உடம்பு தனக்கு வருவதை நேராகப் பார்க்கிறது. அந்தப் பார்வையை வரைய எத்தனை துணிச்சல் வேண்டும் என்று நினைத்தபோது அவளுக்கு மயிர் கூச்செறிந்தது, முதல் தடவை ஒரு புத்தகத்தில் பார்த்தபோது எப்படியோ அப்படியே. மனிதன் சாகிறதைப் பார்த்தால் ஐயோ பாவம் என்று தோன்றும், இந்தக் குதிரையைப் பார்த்தால் எழுந்து நிற்கத் தோன்றுகிறது. மரியாதை என்றால் இதுதான். கழுத்து நரம்பில் அந்த வெள்ளைக்காரன் இட்டிருக்கும் ஒற்றை நீலக் கோடு, அது ஒன்றுக்காகவே அவன் காலில் விழலாம். பெயரைக்கூட எழுதாமல் போயிருக்கிறானே.

"என்ன மேடம், பஞ்சு இன்னிக்கு மெதுவாப் போவுது?" ஹமீது காமிராவோடு வந்து நின்றார். ஒவ்வொரு அங்குலம் எடுத்ததும் படம் பிடித்து வைப்பது அவர் வேலை, பதினெட்டு வருஷமாகச் சேர்ந்து வேலை செய்கிறவர், வீட்டு விஷயம் கேட்கவே மாட்டார். "தாகமா இருக்கு ஹமீது" என்றாள். அவர் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்துவிட்டுக் குனிந்து புல்லைப் பார்த்தார். "ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். எண்ணெய்ப் பெயின்ட் மேல பெயின்ட் அடிச்சா நீங்க கத்தியும் கெமிக்கலும் எடுப்பீங்க. இது எப்படி வெறும் எச்சிலுக்கே வருது?" அவள் சொன்னாள், சொல்லும்போதே அவளுக்குக் குரல் ஏறியது, இந்தக் கேள்விக்காகவே மூன்று மாசமாகக் காத்திருந்த மாதிரி. "அவன் எண்ணெயில வரையல ஹமீது. வேலம்பிசின்ல கலந்து வரைஞ்சிருக்கான். அதுவும் வார்னிஷுக்கு மேல. அடியில இருக்கறதை ஒரு எடத்துலயும் சுரண்டல. ஜமீன்தார் மறைன்னு சொன்னாரு, மறைச்சான். ஆனா பின்னால எவனாவது நனைச்ச துணி எடுத்துத் துடைச்சா வர்ற மாதிரி மறைச்சான்." ஹமீது காமிராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனார். "பெரிய ஆளு" என்றார் கடைசியில். படம் எடுத்துக்கொண்டு போனார். பெரிய ஆள்தான். மேலே நின்று அதிகாரம் பண்ணுகிறவனுக்கும் கீழ்ப்படிந்து, முன்னே பின்னே தெரியாத வெள்ளைக்காரனுக்கும் துரோகம் பண்ணாமல், பிசினைக் கரைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். எல்லாரும் அப்படி மறைப்பதில்லை. சிலர் எண்ணெயில் அடித்துவிடுகிறார்கள், பிறகு என்ன செய்தாலும் வராது. அவளே ஒரு தடவை அப்படி அடித்திருக்கிறாள்.

அதை நினைக்கக் கூடாது என்றுதான் குனிந்து புல்லைப் பார்த்தாள், புல்லுக்குள்ளிருந்தே மாமனார் வந்தார். தென்காசி வீட்டின் இரண்டாம் கட்டில், பெஞ்சில், முதுகுக்கு இரண்டு தலையணை. வயிற்றில் புற்று, எல்லாருக்கும் தெரியும், அவருக்கு மட்டும் குடல்புண். மகள் சொன்னாள், மகன் சொன்னார், வந்த உறவெல்லாம் சொன்னது, ஆக்கப் பொறுத்தவுக ஆறப் பொறுங்க அண்ணாச்சி, புண்ணு ஆறத்தான செய்யும். அவர் அதை நம்பித் தை மாசம் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள்கூடச் சொல்லிவைத்தார். ஒரு நாள் மத்தியானம் எல்லாரும் அசந்திருந்த நேரம், கஞ்சி கொண்டுபோனவளின் மணிக்கட்டைப் பிடித்தார், பிடியில் பலமே இல்லை. "குழலி, நீ பொய் சொல்லமாட்ட. நீயாவது சொல்லும்மா. எனக்கு என்னன்னு." அவள் கண்ணை நேராகப் பார்த்துச் சொன்னாள், புண்ணுதான் மாமா. அவர் கையை விட்டுவிட்டார். அதற்குப் பிறகு இருபது நாள் இருந்தார், அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை, கஞ்சி நல்லாருக்கு என்று மட்டும் சொல்வார். அந்தக் கை விட்டது இன்னும் மணிக்கட்டில் இருக்கிறது. தனியாக விட்டுவிட்டோம் அவரை, வீடு நிறைய ஆளை வைத்துக்கொண்டு. இதுதான் அவளுக்குப் பயம். கட்டி இல்லை, ஊசி இல்லை, முடி கொட்டுவது இல்லை, அதெல்லாம் வரட்டும் பார்க்கலாம். இன்றைக்கு அவள் கேட்டு, வீட்டுக்காரர் அவள் கண்ணை நேராகப் பார்த்து, டி.பி.தான் குழலி என்று சொல்லிவிட்டால். அன்றைக்கு அவள் சொன்ன அதே வழவழப்போடு சொல்லிவிட்டால். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரோடு இருப்பது. கேட்காமலே இருந்துவிட்டால் குறைந்தது அது நடக்காது. பஞ்சு கருத்துப் பச்சையாயிற்று, வேறு எடுத்தாள், தண்ணீர் குடித்தாள், வாய் நனைந்தது, தண்ணீர் எச்சிலாகாது.

ஆனால் தொழிலென்று வந்தால் பொய் சொல்லத் தெரியாத மனிதரல்லவா அவர், அதுதான் வேடிக்கை. டாக்டர் ஆவுடையப்பன், கால்நடை மருத்துவர், முப்பத்தி நாலு வருஷ சர்வீஸ், எந்த ஊரில் இருந்தாலும் மாட்டுக்காரர்கள் அவரிடம்தான் வருவார்கள், மருந்துக்காக மட்டுமல்ல. கல்யாணமான புதிதில் ராயப்பேட்டையில் ஒரு ஊர்வலக் குதிரை விழுந்துவிட்டது, மாப்பிள்ளை ஏறுகிற குதிரை, ஜிகினாத் துணியைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை. சினிமாவுக்குக் கிளம்பினவர்கள் வழியில் அங்கே போய் நின்றார்கள். குதிரைக்காரர் மைதீன் மண்ணில் உட்கார்ந்திருந்தார், சுற்றி நின்றவர்கள் எழுந்திரிச்சிரும் பாய், எழுந்திரிச்சிரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவர் குதிரையைத் தொட்டுப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார், பிறகு பட்டுச் சட்டையோடு அந்த மண்ணிலேயே மைதீனுக்கு எதிரே உட்கார்ந்து, அவர் கண்ணைப் பார்த்து, பிழைக்காது, வலிக்குது அதுக்கு, நீங்க சொன்னா வலியில்லாம அனுப்பி வைக்கேன் என்றார். மைதீன் அழுதார். பிறகு சொல்லுங்க டாக்டர் என்ன செய்யணும் என்று எழுந்தார், கடைசிவரை குதிரையின் தலை அவர் மடியில்தான் இருந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ ரம்ஜானுக்கு அவர் பிரியாணி கொண்டுவந்து கொடுத்திருக்கிறார், பிழைக்கவைத்த டாக்டருக்குக்கூட யாரும் அப்படிக் கொடுக்க மாட்டார்கள். அன்றைக்கு அந்த மண்ணில் உட்கார்ந்த மனிதரைப் பார்த்துத்தான் அவள் இவரோடு வாழ்ந்துவிடலாம் என்று முடிவு செய்தாள், தாலி கட்டினது அதற்கு இரண்டு மாசம் முன்னால் என்றாலும். குதிரைக்காரனுக்குக் கிடைத்தது பெண்டாட்டிக்குக் கிடையாதா. இந்தக் கேள்வி வந்ததும் கோபம் வந்தது, கோபத்தில் வாயில் கொஞ்சம் ஊறியது, வீணாக்காமல் பஞ்சை நனைத்துக்கொண்டாள்.

புல் போய்க்கொண்டே இருந்தது. தாள் தாளாகப் புல், நுனியில் வெளிச்சம் வைத்த புல், ஒவ்வொன்றையும் எடுக்க அவளுக்கு வருத்தமாகத்தான் இருந்தது, எடுத்தால் திரும்ப வைக்க முடியாது, ஒரு நல்ல கைக்காரனின் வேலை பஞ்சோடு குப்பைக்குப் போகிறது. மன்னிச்சுக்கோய்யா என்று சொல்லிக்கொண்டாள். அடியிலிருந்து முதலில் சாம்பல் நிறத்தில் கணுக்கால் வந்தது, பிறகு அதன் கீழே சேறு பட்ட மயிர், பிறகு குளம்பு. முன்னங்கால் ஒன்று முன்னால் நீட்டிக் கிடந்தது. அறிக்கையில் எழுத அவள் மனசு வாக்கியத்தைத் தேடியது: உயிர் பிரியும் தறுவாயில் காலை எறிந்து கிடக்கிறது. குளம்பின் விளிம்பில் ஒரு கீற்று வெளிச்சம், அதைச் சுற்றி நசுங்கிய ஈர மண், எந்தப் பைத்தியக்காரன் சாகிற குதிரையின் குளம்புக்கு இத்தனை நேரம் செலவழிப்பான், கண்ணுக்குச் செலவழித்ததைவிட அதிகமாக இங்கேதான் உட்கார்ந்திருக்கிறான். ஏன் என்று புரியவில்லை, அழகாக இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. பார்த்துக்கொண்டே இருந்ததில் நாலு அடித்தது அவளுக்குக் கேட்கவில்லை. மாடிப்படியில் செருப்புச் சத்தம்தான் கேட்டது.

உள்ளே வரும்போதே பேச ஆரம்பித்துவிட்டார். இந்த ஒன்பது நாளாக இப்படித்தான், கடிகாரத்துக்குச் சாவி கொடுத்த மாதிரி. சிக்னலில் கூட்டம், வழியில் ஒரு கடையில் ரசவடை நன்றாக இருக்கிறதாம், அக்கா போன் பண்ணினாள். கண் மட்டும் ஜன்னலிலும் மேஜையிலும் மின்விசிறியிலும் போய் உட்கார்ந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. குச்சியைக் கீழே வைத்தாள்.

"எனக்கு டி.பி. இல்லைல்லா?"

பேச்சு நின்றது. அவர் அவளைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார், மாட்டினார், குனிந்தார். நேரம் தேடுகிறார், ஒரு பிடிப் புல் தேடுகிறார் என்று அவளுக்குத் தோன்றியது, மணிக்கட்டு சில்லிட்டது. அவர் இன்னும் குனிந்தார்.

"இத யாரு சாகுற குதிரைன்னு சொன்னா?"

"எல்லாரும்தான். நூத்துத் தொண்ணூறு வருஷமா. நான் கேட்டதுக்கு..."

"தப்பு" என்றார். அவள் கையை எடுத்துப் படத்தின் மேல், தொடாமல், அந்தக் குளம்புக்கு நேராகக் கொண்டுபோனார். தப்பான நோய்க்கணிப்பைப் பார்த்தால் சும்மா இருக்க முடியாத மனிதர், கல்யாண வீட்டுப் பந்தியில்கூட எழுந்துபோய்ப் பக்கத்து வீட்டு நாய்க்கு மருந்து மாற்றிக் கொடுத்தவர். "சாகுற குதிர பக்கவாட்டுல சாஞ்சுரும். நாலு காலும் ஒரு பக்கமாக் கெடக்கும். இங்க பாரு, குளம்பு தரையில பதிஞ்சிருக்கு, மண்ணு நசுங்குது பாரு. மாடுன்னா பின்னாலதான் முதல்ல தூக்கும். குதிர முன்னங்கால நீட்டி, ஊணி, அதுல எந்திரிக்கும். படம் போட்டவன் குதிரய நெறயப் பாத்திருக்கான். இது எந்திரிக்கப் பாக்குது குழலி."

புல்லை வைத்து மறைத்தவன் மறைத்தது இந்தக் குளம்பைத்தான்.

"எந்திரிச்சிருமா?"

"அத இப்ப சொல்ல முடியாது" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே தன் குரல் கேட்டது போலிருந்தது. மைதீனிடம் பேசின குரல். அவர் நிமிர்ந்தார், முக்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே, முட்டி இடிக்க உட்கார்ந்தார். ஒன்பது நாளைக்குப் பிறகு முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

"லிம்போமா. நிணநீர்ப் புற்று. கழுத்துல இருக்கு, நெஞ்சுலயும் ஒண்ணு இருக்கு. ஆறு ஊசி போடணும். கஷ்டமா இருக்கும். நூத்துக்கு அறுவது பேரு எந்திரிச்சிருதாங்க."

"மீதி நாப்பது?"

அவர் தாடை ஆடியது. கண்ணை மட்டும் எடுக்கவில்லை.

"மீதி நாப்பது பேரு எந்திரிக்கல" என்றார்.

அழுதது அவர்தான். முப்பது வருஷத்தில் அந்த மனிதர்மேல் அவளுக்கு இத்தனை பிரியம் வந்ததில்லை.